கடலடி ஸ்கூட்டரும் கைவிளக்கும்: திருகோணமலையிலிருந்து மல்வேர்ன் வரை



சென்ற மாதம் வானொலியில் நான் ஆற்றிய உரையை எழுத்திலும் தரும்படி சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். வானொலியில் எனக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு கணக்காளர். வரிப் பத்திரங்களோடும் பற்றுச்சீட்டுகளோடும் சீவிக்கிறவன். எனக்குச் சுழியோடத் தெரியாது. கழுத்தளவுத் தண்ணீருக்கு மேல் போனதும் கிடையாது. அப்படியிருக்க, கடலுக்கு அடியில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் விளக்கை எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றி நான் ஏன் பேச வந்தேன் என்று கேட்பீர்கள். காரணம் என் தங்கையின் மகன்.

அவன் இங்கே மல்வேர்னில் பிறந்து வளர்ந்தவன். இருபத்துநான்கு வயது. முறைப்படி சுழியோடப் பழகிச் சான்றிதழ் எடுத்திருக்கிறான். வருகிற விடுமுறையில் திருகோணமலைக்குப் போய், சுவாமி மலைக்குக் கீழே கடலில் கிடக்கும் பழைய கோணேசர் கோயிலின் கற்களைப் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கதை உங்களுக்குத் தெரியும். 1956 இல் மைக் வில்சன் என்ற சுழியோடி அந்த மலையடியில் செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டதும், அவருடைய நண்பர் ஆர்தர் சி. கிளார்க் மறு ஆண்டே அதை நூலில் எழுதியதும் பலர் அறிந்த செய்தி.

பையன் கடலடி ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறான். பற்றரியில் ஓடும் சிறு இயந்திரம். பின்னால் சுழலி, முன்னால் இரு கைப்பிடி. பிடித்துக்கொண்டால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் வீட்டு மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இதைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும். அப்ப லைற்றை எந்தக் கையில பிடிக்கிறது? முன்னுக்கு ஒரு கிளாம்ப் போட்டு இதிலேயே பூட்டிவிடட்டோ?"

எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடப் போனால், இந்தச் சின்னக் கேள்வி என்னை இத்தாலிக்கும், திருகோணமலைத் துறைமுகத்துக்கும், கடைசியில் எங்கள் மல்வேர்ன் தெரு ஒன்றுக்கும் கூட்டிக்கொண்டு வந்தது.

தண்ணீருக்குள் வெளிச்சம்

பையனுடைய கேள்வியை விளங்கிக்கொள்ள, தண்ணீருக்குள் வெளிச்சம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சூரிய ஒளி தண்ணீருக்குள் இறங்க இறங்க முதலில் சிவப்பு போய்விடும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்புப் பொருள் மண்நிறமாகத் தெரியும். இன்னும் கீழே போனால் எல்லாம் ஒரே நீலப் பச்சை. கையில் விளக்கு இருந்தால், அது படும் இடத்தில் மட்டும் பொருளின் சொந்த நிறம் திரும்பி வரும். அதனால் பகலில்கூடச் சுழியோடிகள் விளக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஆனால் விளக்கு இருந்தால் மட்டும் போதாது. பனி கொட்டும் இரவில் 401 நெடுஞ்சாலையில் பெரிய லைற்றைப் போட்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் பனித்துகளில் பட்டுத் திரும்பி எங்கள் கண்ணிலேயே அடிக்கும். கலங்கிய தண்ணீரிலும் அதே கதைதான். விளக்கு கண்ணுக்கு நேராக இருந்தால் வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரியும். கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்தால் பொருள் தெரியும். ஆகவே விளக்குப் பிடிக்கிற கை சும்மா இருக்கிற கை அல்ல. அதற்கும் வேலை இருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கோ அந்தக் கைதான் இல்லை.

இந்தச் சிக்கலை முதலில் பெரிய அளவில் சந்தித்தவர்கள் விளையாட்டுக்குச் சுழியோடியவர்கள் அல்லர். போருக்குப் போனவர்கள்.

விளக்கே வேண்டாம் என்றவர்கள்

1930களின் நடுப்பகுதியில் தெசேயோ தெசேய், எலியோஸ் தோஸ்கி என்ற இரண்டு இத்தாலியக் கடற்படைப் பொறியியலாளர்கள் ஒரு வாகனத்தை வடிவமைத்தார்கள். டோர்ப்பிடோ போன்ற நீண்ட உடல். அதன் மேல் இரண்டு பேர் குதிரையில் இருப்பதுபோல முன்னும் பின்னுமாக அமர்ந்து போவார்கள். மின்கலத்தில் ஓடும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில்தான் வேகம். முன்னால் இருப்பவர் ஓட்டுவார். முனையில் வெடிகுண்டு. எதிரிக் கப்பலின் அடியில் அதைக் கழற்றிக் கட்டிவிட்டு வர வேண்டும். ஓட்டுவதற்கு அது படுத்தும் பாட்டைப் பார்த்து அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் "மையாலே", அதாவது பன்றி.

1941 டிசம்பர் 18 இரவு மூன்று பன்றிகளில் ஆறு பேர் எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்குள் புகுந்தார்கள். பிரித்தானிய நாசகாரிக் கப்பல்கள் உள்ளே வருவதற்காகத் துறைமுகத் தடுப்பைத் திறந்தபோது அவற்றின் பின்னாலேயே நுழைந்துவிட்டார்கள். மறுநாள் காலை 'குயின் எலிசபெத்', 'வேலியன்ற்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் வெடித்து அடித்தளம் தரைதட்டின. ஆறு பேரும் பிடிபட்டார்கள்.

இவர்கள் எல்லாரும் இரவில்தான் போனார்கள். விளக்கு? விளக்கைப் போட்டால் மேலே காவல் நிற்பவனுக்குத் தெரியும். ஆகவே வெளிச்சம் போட முடியாது. ஆனால் திசைகாட்டியையும் ஆழமானியையும் மணிக்கூட்டையும் பார்க்காமல் ஓட்டவும் முடியாது. கை சுக்கானை விட்டு வரவும் முடியாது. கையில் பிடிக்க வேண்டாத, வெளியே தெரியாத, அணைக்கவும் ஏற்றவும் தேவையில்லாத ஒரு வெளிச்சம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த வெளிச்சம் ரேடியத்தில் கிடைத்தது.

பச்சை வெளிச்சத்தின் விலை

ரேடியத்தை 1898 இல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்தார்கள். அதைத் துத்தநாக சல்பைட்டோடு கலந்து பூசினால் இருட்டில் பச்சையாக மினுங்கும். மின்சாரமும் வேண்டாம், சூரிய வெளிச்சமும் வேண்டாம். புளோரன்ஸ் நகரத்தின் பனேராய் என்ற நிறுவனம் இந்தப் பூச்சுக்கு 'ரேடியோமிர்' என்று பெயர் வைத்து இத்தாலியக் கடற்படைக்குக் கருவிகள் செய்து கொடுத்தது. பன்றி ஓட்டுகிறவர்களின் மணிக்கட்டில் திசைகாட்டி, ஆழமானி, பெரிய மணிக்கூடு ஆகியவற்றைக் கட்டிவிட்டது. இன்று கடைக் கண்ணாடிக்குள் ஆயிரக்கணக்கான டொலர் விலை சொல்லும் பனேராய் மணிக்கூட்டின் பூர்வீகம் இதுதான்.

எங்கள் ஊரில் இருட்டில் மினுங்கும் மணிக்கூட்டை "ரேடியம் மணிக்கூடு" என்பார்கள். இன்றும் சைக்கிள் மட்கார்ட்டில் ஒட்டும் மினுங்கும் ஸ்ரிக்கரைக்கூட நாங்கள் ரேடியம் என்றே சொல்கிறோம். அவற்றில் ரேடியம் இல்லை என்பதால் பயப்பட வேண்டாம். பெயர்தான் மிஞ்சி நிற்கிறது.

உண்மையான ரேடியத்துக்கு ஒரு குணம் உண்டு. அதோடு கலந்த பூச்சு சில பத்தாண்டுகளில் களைத்துப் போய் மினுங்காமல் விட்டுவிடும். ரேடியம் களைப்பதில்லை. அதன் அளவு பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் எடுக்கும். வெளிச்சம் போன பிறகும் கதிர்வீச்சு இருக்கும். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் மணிக்கூட்டு முகங்களுக்கு இந்தப் பூச்சைப் பூசிய இளம் பெண்கள், தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி வேலை செய்ததால் தாடை எலும்பு அழுகியும் புற்றுநோய் வந்தும் இறந்த கதை 1920களிலேயே வெளிவந்துவிட்டது.

கனடாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1930 இல் வடக்கே கிரேற் பெயார் ஏரிக் கரையில் ரேடியம் உள்ள தாது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தாது மூட்டைகளைத் தோளில் சுமந்தவர்களில் டெனே பூர்வீகக் குடிமக்களும் இருந்தார்கள். அதைச் சுத்திகரிக்கும் ஆலை 1933 இல் போர்ட் ஹோப்பில் தொடங்கியது. மல்வேர்னிலிருந்து 401 இல் கிழக்கே ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்குள் வரும் அதே போர்ட் ஹோப்தான்.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். மல்வேர்ன் அப்போது வயலும் பண்ணையுமாக இருந்தது. 1940களில் இங்கே ஒரு பண்ணை நிலத்தில் ரேடியத்தோடு வேலை செய்திருக்கிறார்கள். போர் முடிந்தது, வேலை செய்தவர்கள் போய்விட்டார்கள், ரேடியம் மண்ணில் தங்கிவிட்டது. பின்னர் அரசு நிலங்களை எடுத்தது. 1970களில் வீடுகள் எழுந்தன, குடும்பங்கள் குடிவந்தன, பின்வளவில் தக்காளி நட்டார்கள். 1980 இல் மக்ளூர் கிறெசென்ற் வளவுகளில் கதிர்வீச்சு இருப்பது தெரியவந்தது. 1990 இல் பக்கத்திலே மக்லெவின் அவெனியூவிலும் கண்டார்கள். குடியிருந்தவர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். அள்ளுகிற மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, எந்த ஊர் ஏற்கும் என்ற இழுபறியிலேயே ஆண்டுகள் ஓடின. 1990களின் நடுப்பகுதியில்தான் மண்ணை அள்ளித் தரம்பிரித்து வளவுகளைத் துப்புரவாக்கி முடித்தார்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து மல்வேர்னில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தது 1995 இல். லொறிகளில் மண் ஏற்றிப் போவதைப் பார்த்து, தண்ணீர்க் குழாய் போடுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனவன் நான். போருக்குத் தப்பி வந்து, இன்னொரு போர் விட்டுப்போன குப்பைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இருட்டில் கருவி பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பச்சை வெளிச்சம் வேண்டியிருந்தது. அதன் செலவுக் கணக்கு ஐம்பது ஆண்டு கழித்து, அந்தப் போரோடு ஒரு சம்பந்தமும் இல்லாத குடும்பங்களின் வளவில் வந்து நின்றது. கணக்காளன் என்ற முறையில் என்னால் இதை மறக்க முடியவில்லை.

திருகோணமலையிலிருந்து புறப்பட்டவர்கள்

இத்தாலியரின் பன்றியைப் பார்த்து 1942 இல் பிரித்தானியர் தாங்களும் ஒன்று செய்தார்கள். அதன் பெயர் 'சாரியற்', அதாவது தேர். 1944 இல் அந்தத் தேர்கள் திருகோணமலைக்கு வந்தன.

திருகோணமலை அப்போது பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் பெரிய தளம். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் அங்கே குண்டு போட்டன. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. என் அம்மம்மா திருகோணமலைக்காரி. குண்டு விழுந்த காலத்தில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று சட்டம் இருந்ததாம். குப்பி விளக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1944 அக்டோபரில் 'ட்ரென்சன்ற்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு தேர்களைச் சுமந்துகொண்டு திருகோணமலையிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து போனது. கட்டளைத் தளபதி ஆர்தர் ஹெஸ்லெற். தேர்களுக்கு 'ரைனி', 'ஸ்லாஷர்' என்று பெயர். இவை புதிய மாதிரி. ஓட்டுநர்கள் இருவரும் முதுகோடு முதுகாக அமர்வார்கள். அக்டோபர் 28 இரவு, யப்பானியர் வசம் இருந்த தாய்லாந்தின் புக்கெற் துறைமுகத்துக்கு வெளியே நால்வர் இறங்கினார்கள். அங்கே 'சுமாத்ரா', 'வோல்பி' என்ற இரண்டு இத்தாலியக் கப்பல்களை யப்பானியர் திருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டில் இரண்டின் மேலும் வெடிகளைக் கட்டிவிட்டு நால்வரும் உயிரோடு நீர்மூழ்கிக்குத் திரும்பிவிட்டார்கள். காலையில் வெடிகள் வெடித்தன.

இவர்களுக்கும் விளக்கு இல்லை. மினுங்கும் கருவிகளைப் பார்த்து ஓட்டி, இடையிடையே தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் கரையைப் பார்த்து, மறுபடியும் அமிழ்ந்து போனார்கள். கை இரண்டும் வாகனத்துக்குக் கொடுத்தாயிற்று, வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தார்கள். போர்க்காலத்து விடை அதுதான்.

விளக்கை வாகனத்தில் பூட்டியவர்கள்

போர் முடிந்ததும் அதே இயந்திரம் வேறு வேலைக்கு வந்தது. பிரான்சில் ஜாக் கூஸ்ரோவின் குழு சிறிய கடலடி ஸ்கூட்டர்களைப் பாவித்தது. 1956 இல் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற அவருடைய 'மௌன உலகம்' என்ற ஆவணப்படத்தில் அவற்றைப் பார்க்கலாம். அந்தப் படத்தின் தொடக்கத்தில் சுழியோடிகள் தீப்பந்தம்போல எரியும் விளக்குகளை ஏந்தி இறங்குவார்கள். ஒளிக்க வேண்டிய தேவை போய்விட்டது. கடலைக் காட்டவே இப்போது வெளிச்சம்.

அதே காலத்தில் திமித்ரி ரெபிகோவ் என்ற பொறியியலாளர் 'பெகாசுஸ்' என்ற வாகனத்தை உருவாக்கினார். கடலுக்கடியில் படம் எடுக்கும் மின்வெளிச்சத்துக்குப் பெயர்போனவர் அவர். அவருடைய சிந்தனை நேரானது. ஓட்டுகிறவனுக்குக் கை இல்லையென்றால் கமராவையும் விளக்கையும் வாகனத்திலேயே பூட்டிவிடு. விமானம் ஓட்டுவதுபோல அவன் ஓட்டட்டும். மூக்கு எங்கே திரும்புகிறதோ அங்கே வெளிச்சமும் திரும்பட்டும். கடலடித் தரையைத் தொடர்ச்சியாகப் படம் எடுப்பதற்கு இது மிக நல்ல வழி.

என் மருமகன் யோசித்த கிளாம்பும் இதே வழிதான். நானும் இந்த இடத்தில் தேடலை நிறுத்திவிட்டு அவனுக்கு "பூட்டு" என்று சொல்ல இருந்தேன். இன்னும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி வாசித்த பிறகு நிறுத்தியது நல்லது என்று நினைத்தேன்.

விளக்கைக் கையின் புறத்துக்குக் கொண்டுவந்தவர்கள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நிலத்துக்கு அடியில் தண்ணீர் நிறைந்த நீண்ட குகைகள் இருக்கின்றன. வக்கல்லா ஊற்று அவற்றில் பெயர்பெற்றது. 2007 டிசம்பரில் இரண்டு சுழியோடிகள் ஒரு பள்ளத்தில் இறங்கி, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியாலேயே போய் வக்கல்லாவில் எழும்பினார்கள். பெரும்பகுதி 80 மீட்டருக்கும் அதிகமான ஆழம். ஸ்கூட்டர் இல்லாமல் அது நடக்காத காரியம். அங்கே சூரிய வெளிச்சம் என்பதே கிடையாது.

இப்படிப் போகிறவர்கள் விளக்கை ஸ்கூட்டரில் பூட்டுவதில்லை. அவர்களுடைய முறை வேறு. முதலாவது, ஸ்கூட்டரைக் கைகளால் இழுத்துப் பிடிப்பதில்லை. ஸ்கூட்டரிலிருந்து ஒரு கயிறு இடுப்புக்குக் கீழே போகும் பட்டியின் வளையத்தில் கொழுவப்பட்டிருக்கும். இழுவை முழுவதும் உடம்புக்குப் போகும். வலது கை விசையை அமர்த்தித் திசையை மட்டும் காட்டும். இடது கைக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, அந்த இடது கை விளக்கை இறுக்கிப் பிடிப்பதுமில்லை. 'குட்மன் பிடி' என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குக் குறுக்காக ஒரு பிடி, விளக்கின் தலை கையின் புறத்தில். விரல்கள் வேறு வேலை செய்யலாம். பெரிய மின்கலம் இடுப்பில் இருக்கும், அங்கிருந்து ஒரு வயர் வரும். இப்போது மின்கலம் சிறுத்து எல்.ஈ.டி. விளக்குகள் வந்துவிட்டதால் வயர் இல்லாத விளக்குகளும் இதே பிடியில் வருகின்றன.

ஏன் இவ்வளவு சிரமம்? தண்ணீருக்குள் வாய் பேசாது. இருட்டில் கைச்சாடையும் தெரியாது. விளக்குத்தான் வாய். வெளிச்சத்தை மெதுவாக வட்டமாகச் சுழற்றினால் "நான் நலம்" என்று அர்த்தம். வேகமாக முன்னும் பின்னும் வீசினால் "ஆபத்து, உடனே வா". ஒன்றும் சொல்லாமல் வெளிச்சம் நிதானமாக முன்னால் போய்க்கொண்டிருந்தால் "பக்கத்தில் இருக்கிறேன்". பக்கத்தில் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. தன்னுடைய வெளிச்ச வட்டத்துக்குப் பக்கத்தில் மற்றவருடைய வட்டம் தெரிகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

விளக்கை ஸ்கூட்டரில் பூட்டினால் இந்தப் பேச்சு போய்விடும். இயந்திரம் திரும்பும்போதெல்லாம் வெளிச்சம் அலையும். மற்றவருக்கு அது ஆபத்துச் சைகைபோலத் தெரியலாம். ஸ்கூட்டர் பழுதாகி அதைக் கைவிட நேர்ந்தால் விளக்கும் அதோடு போய்விடும். இன்னொரு விதியும் வைத்திருக்கிறார்கள்: குகைக்குள் போகிற ஒவ்வொருவரிடமும் மூன்று விளக்குகள் இருக்க வேண்டும். ஒன்று கையில், இரண்டு மாற்றாக உடம்பில்.

கிளாலியில் ஒரு விளக்கு

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 1993 இல் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்த இரவு நினைவுக்கு வந்தது. உங்களில் பலரும் அந்த வழியால் வந்தவர்கள். ஆனையிறவும் சங்குப்பிட்டியும் மூடியிருந்த காலம். குடாநாட்டை விட்டு வெளியேற அந்த நீரேரிதான் வழி. இரவில் மட்டும் ஓட்டம். அந்தத் தண்ணீரில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்பா, தங்கை, நான் மூவரும் ஒரு வள்ளத்தில். முன்னால் மோட்டர் பூட்டிய வள்ளம், பின்னால் கயிற்றில் கட்டிய வள்ளங்கள். ஓட்டி ஒரு கையால் மோட்டரின் பிடியைப் பிடித்திருந்தார். அவருடைய கழுத்தில் ஒரு ரோச் லைற் கயிற்றில் தொங்கியது. அதன் கண்ணாடியில் சிவப்புத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. கயிறு சிக்கினால் மட்டும் ஒரு கணம் போட்டுப் பார்ப்பார், நூத்துவிடுவார். நடுவழியில் ஒரு தாய் பிள்ளையின் பால்போத்தலைத் தேடுவதற்காகச் சின்ன ரோச் ஒன்றைப் போட்டா. ஓட்டி சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "நூருங்கோ தங்கச்சி. உங்களுக்குத் தெரியிற வெளிச்சம் அங்காலயும் தெரியும்."

அதைக் கேட்டதும் அப்பா தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டை உட்பக்கமாகத் திருப்பிவிட்டார். மினுங்கும் முள் வைத்த பழைய மணிக்கூடு அது. அந்தப் பச்சைப் பொட்டை நாலு முழத்துக்கு அப்பால் ஒருவரும் கண்டிருக்க முடியாது. ஆனாலும் திருப்பினார். விடியும்வரை அவருடைய மறுகை அதைப் பொத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் தலைமுறைக்கு இருட்டில் வெளிச்சம் என்றால் அதுதான். ஒளிக்க வேண்டிய பொருள். அலெக்சாந்திரியாவுக்குப் போனவர்களும் திருகோணமலையிலிருந்து போனவர்களும் படித்த அதே பாடத்தை, குண்டு கொண்டுபோகாத நாங்களும் படித்தோம். அம்மம்மாவின் குப்பி விளக்கும் அதையே படித்தது. புளோரிடாக்காரர்களின் பாடம் வேறு. இருட்டில் உன் வெளிச்சம் உன் கூட்டாளிக்குத் தெரியட்டும், அதுதான் உன் உயிருக்குக் காவல் என்கிறார்கள்.

மருமகனுக்குச் சொன்னது

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இப்படிச் சொன்னேன். கிளாம்பை விடு. இழுவைக் கயிறு உடம்பில் கொழுவும் வகையில் உன் ஸ்கூட்டரை அமைக்க முடியுமா என்று உன்னைப் பழக்கியவரிடம் கேள். முடியாவிட்டால், விளக்கு வேண்டிய இடத்துக்கு ஸ்கூட்டரைக் கொண்டுபோகாதே. விளக்கு கையின் புறத்தில் இருக்கட்டும். வெளிச்சத்தைக் கூட்டாளியின் முகத்தில் அடிக்காதே. மாற்று விளக்கு இல்லாமல் இறங்காதே. ஸ்கூட்டர் நின்றுபோனால் நீந்தித் திரும்பக்கூடிய தூரத்துக்கு மேல் போகாதே. விமானத்தில் கொண்டுபோவதானால் பற்றரி எத்தனை வற்-மணி என்று முதலே பார். நூறுக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். நூற்றறுபதைத் தாண்டினால் பயணிகள் கொண்டுபோக விடமாட்டார்கள்.

சொன்னதை ஏற்றுக்கொண்டு, தன் நண்பர்களுடன் ரொபர்மோரிக்குப் போய்ப் பழகிவிட்டு வந்தான். 1885 இல் அங்கே மூழ்கிய 'சுவீப்ஸ்ரேக்ஸ்' என்ற பாய்க்கப்பல் ஆறேழு மீட்டர் ஆழத்திலேயே கிடக்கிறது. பழகுவதற்குப் பொருத்தமான இடம். அந்தக் கப்பலுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் ஓட்டவில்லை, மண் கலங்கும், மற்றவர்களுக்கும் இடைஞ்சல் என்று அவனாகவே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

என் தங்கைக்குத்தான் மனம் ஆறவில்லை. கிளாலியைக் கடந்தபோது அவளுக்கு இருபது வயது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை ஆண்டுகளில் ஒரு ஏரியிலும் கால் நனைக்காதவள். மகன் இரவில் கடலுக்குள் போகப்போகிறான் என்பதை அறிந்த நாளிலிருந்து அவள் என்னிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: "அண்ணா, அவன்ர லைற் நூந்து போனால்?"

ஒரு நாள் பின்னேரம் மகன் அவளைப் பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிக்கொண்டுபோய் லைற்றை எல்லாம் நூத்தான். பிறகு கையின் புறத்தில் இருந்த விளக்கைப் போட்டுச் சுவரில் மெதுவாக ஒரு வட்டம் போட்டான். "இது ஓகே, அம்மா" என்றான். அடுத்ததாக அதை நூத்துவிட்டு நெஞ்சில் இருந்த இரண்டாவதைப் போட்டான். பிறகு மூன்றாவதை. கடைசியில் ஒரு விளக்கை அவளுடைய கையில் மாட்டி, "இப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்றான். அவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஒரு வட்டம் போட்டாள். அதன் பிறகு அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இந்த உரையைக் கேட்ட நேயர்களில் யாராவது 1980களில் மக்ளூர் கிறெசென்ற் பக்கம் குடியிருந்திருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். உங்கள் அனுபவத்தையும் ஒலிபரப்ப விரும்புகிறோம். மீண்டும் அடுத்த மாதம் இன்னொரு உரையோடு சந்திக்கும்வரை, வணக்கம்.